ஒன்பதாம் பிரதிக்கு வைத்த பெயர்

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. படியேறி மூச்சு வாங்க நின்றால் இடது பக்கம் கழிப்பறை, வலது பக்கம் அலுவலகம். அவசரத்தில் வருகிற பேராசிரியர்கள் சில சமயம் கதவை மாற்றித் திறந்துவிடுவார்கள். இரண்டு இடத்துக்கும் வருகிறவர்களின் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த அறையின் ஜன்னலோர மேஜை டிக் அக்காவுடையது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுப் போகிற எந்த விண்ணப்பமும் அவள் பச்சைப் பேனாவால் டிக் அடிக்காமல் கட்டிடத்தை விட்டு வெளியே போகாது. இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்ய வந்தவள். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி பட்டம் கோத்த டாக்டர்களும் அவள் முன்னால் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்கள். ஓரத்தில் விட்ட இடம் சரியா, பக்கம் பதினைந்தைத் தாண்டியிருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் சான்றிதழில் இருக்கும் தலைப்பும் விண்ணப்பத்தின் தலைப்பும் ஒன்றா, இவையெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. புற்றுநோய் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது. அதைப் பற்றிய விண்ணப்பம் எங்கே தப்பாகப் போகும் என்று துல்லியமாகத் தெரியும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பட்டப்பெயர் வைப்பாள்.

ஆரம்பத்தில் அது வேலைக்காகத்தான். எல்லா டாக்டர்களும் தங்கள் ஃபைலுக்கு 'கடைசி' என்றுதான் பெயர் வைப்பார்கள். அப்புறம் 'கடைசி புதுசு'. அப்புறம் 'இதுதான் கடைசி'. போதாததற்கு ஒரே பெயரில் நான்கு டாக்டர்கள். ஒரு தடவை எலும்பு டாக்டரின் திட்டம் தோல் டாக்டரின் செலவுப் பட்டியலோடு போய், ரகளை ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஃபைல் வந்தவுடன் தனக்குப் புரிகிற மாதிரி ஒரு பெயர் வைத்துவிடுவாள். தொண்டையைக் கனைக்காமல் வாயைத் திறக்காதவர் 'செருமல்'. மாதத்துக்கு ஒரு புதுக் கார் பற்றிப் பேசுகிறவர் 'ஷோரூம்'. அனுப்புகிற நேரத்தில் அதை மாற்றி விண்ணப்ப எண்ணைப் போட்டுவிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு பெயரும் வெளியே கசிந்ததில்லை. எதிர் மேஜையில் பயணப்படி பில் பார்க்கிற அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவருக்கு அதுதான் அலுவலகத்தில் ஒரே பொழுதுபோக்கு.

"யம்மா, அந்தப் புது மூளை டாக்டருக்கு என்ன வச்சிருக்கே?"

"இன்னும் வைக்கல அண்ணே. ஆளு இப்பத்தான் ரெண்டு தடவ வந்திருக்காரு. இன்னும் கொஞ்சம் பழகட்டும்."

வீட்டில் மகள் சொல்லிப் பார்த்தாள், "அம்மா, இது ஒரு வியாதிம்மா, ஒருநாள் மாட்டுவே." அக்கா சிரித்துவிட்டு மகளுக்கும் ஒன்று வைத்தாள்.

குழந்தைகள் நலப் பிரிவின் டாக்டரம்மாவுக்கு மூன்று வருடம் முன்பு வைத்த பெயர் 'தொணதொணப்பு'. வைத்ததில் தப்பில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு நாற்பது ஃபோன் பண்ணுவார். "அக்கா, மூணாம் பக்கம் பாத்தீங்களா? அக்கா, சான்றிதழ் நேரா ஒட்டியிருக்கா? அக்கா, ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்." ஆனால் அவர் திட்டத்தை மட்டும் அக்கா வரி விடாமல் படித்திருந்தாள். குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே இரத்தக் குழாய் தாறுமாறாக வளரும். பிறந்த முப்பது நாளுக்குள் பார்த்துவிட்டால் காப்பாற்றலாம். விட்டால் சில குழந்தைகளுக்குப் பார்வையே போய்விடும். பார்க்கத் தெரிந்த கண் டாக்டர்கள் சில பேர்தான். வார்டில் இருக்கிற நர்சுகளுக்கே ஒரு கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கப் பழக்கினால் என்ன? இவ்வளவுதான் திட்டம். அக்காவுக்கே புரிந்தது. அவளுக்குப் புரிந்த முதல் விண்ணப்பம் அது.

முதல் வருடம், சிறிய அளவில் செய்துபார்த்த முன்னோட்டத் தகவல் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் வருடம் நெறிமுறைக் குழுவின் சான்றிதழ் ஒரு நாள் தாமதம். இது மூன்றாம் வருடம். நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள்தான் இந்த நிதிக்குக் கேட்க முடியும். டாக்டரம்மாவுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இதை விட்டால் இனி கேட்கவே முடியாது. சம்பளம் இல்லாமலேயே கூடுதல் நேரம் நின்று பழகிக்கொண்டிருந்த இரண்டு நர்சுகளும், வாடகைக்கு எடுத்த கேமராவும், அவ்வளவுதான், போச்சு.

கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் ஏற்றுகிற இணையதளம் மூடிக்கொள்ளும்.

திருத்தித் திருத்தி எழுதிய ஒன்பதாம் பிரதியை டாக்டரம்மா பதினொரு மணிக்கு அனுப்பினார். அக்கா 'தொணதொணப்பு கடைசி 9' என்று பெயர் வைத்துக்கொண்டு டிக் அடிக்க உட்கார்ந்தாள். இந்த வருடம் ஒரு புது விதி. விண்ணப்பம் யாருடையது என்று மதிப்பிடுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. ஃபைல் பெயரில் விண்ணப்ப எண் மட்டுமே இருக்க வேண்டும். வேறு ஒரு எழுத்து இருந்தாலும் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். விதியை அச்செடுத்து, பச்சை மையில் இரண்டு கோடு போட்டு, கணினிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தவளே அக்காதான்.

ஐந்து ஃபைல்கள். நான்கின் பெயரை மாற்றி ஏற்றிவிட்டாள். ஐந்தாவதைத் தொடும்போது ஃபோன்.

"அக்கா, பன்னண்டாம் பக்கத்துல அந்த அட்டவணை உடைஞ்சு அடுத்த பக்கம் போகலயே?"

"போகல டாக்டர்."

"ஒருதரம் தொறந்து பாத்துச் சொல்றீங்களா? லைன்லயே இருக்கேன்."

அக்கா திறந்தாள், பார்த்தாள், மூடினாள். "நல்லா முழுசா இருக்கு டாக்டர். நீங்க போய் ரெண்டு வாய் சாப்பிடுங்க." ஃபோனை வைத்தாள். ஏற்றினாள். அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தினாள். மணி இரண்டு நாற்பது.

ரசீது வந்தது. அச்செடுத்து, வழக்கம்போல் பச்சைப் பேனாவோடு ஒவ்வொரு வரியாக இறங்கினாள். எண், டிக். எண், டிக். எண், டிக். எண், டிக். ஐந்தாவது வரியில் பேனா நின்றது.

தொணதொணப்பு கடைசி 9.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். கண்ணாடியில் கோளாறு இல்லை.

"என்னம்மா, முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் பயணப்படி அண்ணன். அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். சிரிக்க வாயைத் திறந்தவர், சுவரில் இருந்த பச்சைக் கோடுகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"திருத்த முடியாதா?"

"அனுப்பினதோட பூட்டிக்குச்சு அண்ணே."

நிதி கொடுக்கிற அமைப்பின் உதவி எண்ணை அழைத்தாள். எட்டு நிமிடம் இசை கேட்டாள். பிறகு ஒரு பெண் குரல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னது. "விண்ணப்பதாரர் அவங்க கணக்கு வழியா திரும்ப வாங்கிக்கலாம் மேடம். எல்லா ஃபைலும் அழிஞ்சிரும். அப்புறம் புதுசா ஏத்தணும். உறுதிமொழிப் படிவத்துல இயக்குநர் கையெழுத்தும் புதுசா வேணும், இன்னிக்கித் தேதி, நேரத்தோட. அஞ்சு மணிக்கு மேல வந்தா எடுத்துக்க மாட்டோம்."

"நீங்களே அங்க அந்தப் பேரை மட்டும் மாத்திட முடியாதாம்மா? ஒரே ஒரு பேரு."

"முடியாது மேடம். வேற ஏதாச்சும் உதவி வேணுமா?"

வேற என்ன உதவி? அக்கா ஃபோனை வைத்தாள். திரும்ப வாங்கிய பிறகு தளம் படுத்துவிட்டால்? கடைசி ஒரு மணி நேரத்தில் நாடு முழுக்க இருக்கிற டாக்டர்கள் எல்லாம் அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார்கள். இப்போது இருக்கிற விண்ணப்பமும் போய்விடும். பேசாமல் இருந்துவிட்டால்? ரசீது அலுவலகத்துக்கு மட்டும்தான் வரும். டாக்டரம்மாவுக்கு 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரிதான் போகும். இரண்டு மூன்று வாரம் கழித்து 'தொழில்நுட்பக் காரணங்களால் நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு கடிதம் வரும். என்ன காரணம் என்று சொல்லமாட்டார்கள். சொன்ன சரித்திரம் இல்லை.

வீட்டுக்காரரை அழைத்தாள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எங்கோ ஒரு கட்டிடத்தின் உச்சியில், காற்று இரைச்சலுக்கு நடுவில் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சொன்னது: "கம்முனு இரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"இருபத்துமூணு வருஷத்துல ஒரு தப்பு. உன் வேலைக்கே வேட்டு வச்சுக்காதே."

"சரி, நீங்க சொல்லுங்க. லிஃப்ட் கயித்துல ஒரு இழை நைஞ்சிருக்கு. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஓடட்டும்னு விட்டுட்டு வீட்டுக்கு வருவீங்களா?"

"லிஃப்ட்டும் காகிதமும் ஒண்ணாடி?" என்றார். பிறகு, "எத்தனை மணி வரைக்கும் டைம் இருக்கு?" என்றார்.

"அஞ்சு."

"அப்ப என்கிட்ட என்ன பேசிட்டு நிக்கிறே? ஓடு."

மூன்று பத்துக்கு மூன்று மாடி இறங்கி, வண்டி நிறுத்துமிடத்தைக் குறுக்கே கடந்து, குழந்தைகள் பிரிவின் நான்காம் மாடிக்குப் போனாள். வழியெல்லாம் பொய் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். 'சின்னத் திருத்தம் டாக்டர்', 'தளத்துல ஏதோ கோளாறு டாக்டர்'. ஒன்றும் எடுபடாது. திரும்ப வாங்கும்போது டாக்டரின் திரையில் ஐந்து ஃபைல்களின் பெயரும் கொட்டை எழுத்தில் வந்து நிற்கும்.

வார்டு வாசலில் நர்சு மறித்தாள். "கையக் கழுவுங்க. முழங்கை வரைக்கும். மோதிரத்தக் கழட்டுங்க."

"டாக்டர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை."

"டாக்டர் கண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க. நடுவுல கூப்பிட முடியாது."

கழுவினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா குனிந்து நின்றுகொண்டிருந்தார். அக்கா இத்தனை வருடமாகக் காகிதத்தில் படித்த குழந்தையை முதல் தடவையாக நேரில் பார்த்தாள். அவள் உள்ளங்கையும் பாதி முன்கையும் சேர்ந்த அளவுதான் இருந்தது. தொப்பி பெரிதாக இருந்தது. ஒரு நர்சு அதன் தலையை இரண்டு விரலால் அசையாமல் பிடித்திருக்க, இன்னொருத்தி கேமராவைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனாள். விண்ணப்பத்தின் ஏழாம் பக்கம் இது என்று அக்காவுக்குத் தோன்றியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து. மூன்று முப்பத்திரண்டு. படம் சரியாக வரவில்லை போலிருக்கிறது, டாக்டரம்மா தலையை ஆட்டினார். "இன்னொண்ணு எடும்மா, அவசரமில்ல," என்று கேட்டது. அக்கா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். அவசரமில்லையாம்.

மூன்று நாற்பதுக்கு அவர் வெளியே வந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அலுவலகத்தை விட்டு இறங்கி வந்த அக்காவை யாருமே பார்த்ததில்லை.

"என்னாச்சுக்கா? போகலையா?"

"போயிருச்சு டாக்டர். தப்பாப் போயிருச்சு." ஒத்திகை பார்த்த பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "ஃபைல் பேர்ல நம்பர் போடாம அனுப்பிட்டேன். நான்தான். பூட்டிக்குச்சு. நீங்க திரும்ப வாங்கினாத்தான் மறுபடி அனுப்ப முடியும். இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு."

டாக்டரம்மா நேராகத் தன் அறைக்குப் போய்க் கணினியைத் திறந்தார். திரையில் ஐந்து பெயர்கள் வந்தன. ஐந்தாவதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இது யாரு அக்கா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "நீங்கதான் டாக்டர்."

"எப்பலேருந்து?"

"மூணு வருஷமா."

டாக்டரம்மா சிரிப்பார் என்று எங்கேயோ ஒரு மூலையில் அக்கா எதிர்பார்த்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. காது மட்டும் சிவந்தது. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்களா?" என்று கேட்டார், சின்னப் பெண் கேட்கிற மாதிரி.

"இல்ல டாக்டர். நான் மட்டும்தான். என் வாய்க் கொழுப்பு."

"நான் ஏன் அத்தனை தடவ கேக்குறேன் தெரியுமாக்கா? போன வருஷம் அந்தச் சான்றிதழைப் பத்தி மட்டும் குழுக்காரங்ககிட்ட ஒரு தடவையோட விட்டுட்டேன். 'வந்துரும்'னாங்க. நம்பி இருந்துட்டேன்."

டாக்டரம்மா 'திரும்பப் பெறு' என்பதன் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தார். அழுத்தினார். ஐந்து வரியும் திரையிலிருந்து துடைத்தது போல் போயின. மணி மூன்று ஐம்பத்தொன்று. உலகத்தில் அந்த விண்ணப்பம் இப்போது எங்கேயும் இல்லை.

இனி இயக்குநரின் கையெழுத்து. இயக்குநருக்கு அக்கா வைத்த பெயர் 'பேனாமூடி'. பேனாவை எடுப்பார், மூடியைக் கழற்றுவார், உடனே ஒரு பழைய கதை ஞாபகம் வரும். சொல்லி முடித்ததும் மூடியைப் போட்டுவிட்டு, "எதுக்கு வந்தீங்க?" என்பார். அன்றைக்கு நாலரை மணிக்கு அவருக்கு வெளியே கூட்டம். புதுப் படிவத்தை அச்செடுத்து, காரணத்தை எழுதிக்கொண்டு இரண்டு பேரும் ஓடினார்கள். கார் கதவைத் திறந்துகொண்டிருந்தவரை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தார்கள்.

"காலையிலதானே போட்டேன்?"

"திரும்ப வாங்கிட்டோம் சார். புதுசா வேணும்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். படிவத்தில் 'திரும்பப் பெற்ற காரணம்' என்ற வரியைப் பார்த்தார். "ஃபைல் பெயர் பிழையா? என்னம்மா பேரு வச்சே?"

அக்கா காரின் டயரைப் பார்த்தாள். டாக்டரம்மாதான் சொன்னார், முகத்தில் எந்த அசைவும் இல்லாமல்: "தொணதொணப்புன்னு சார். எனக்கு வச்ச பேரு."

இயக்குநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்படித்தான் நான் படிக்கிற காலத்துல எங்க பேராசிரியர் ஒருத்தருக்கு..." என்று தொடங்கினார்.

"சார், மணி நாலு ஏழு," என்றாள் அக்கா.

"இரும்மா, சொல்லி முடிச்சிர்றேன். அவருக்குப் பெரிய மீசை..."

"சார்!" என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தார். "எனக்கு அடுத்த மாசம் நாப்பது முடியுது சார். இதை விட்டா எனக்கு வேற சான்ஸ் கிடையாது. கையெழுத்துப் போட்டுட்டு மீசையச் சொல்லுங்க, நான் நாள் பூரா உக்காந்து கேக்குறேன்."

இயக்குநர் கார் கூரையில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், நேரமும் போட்டார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "எனக்கு என்ன பேரு?" என்று கேட்டார்.

"நேரமாகுது சார்," என்று சொல்லிவிட்டு அக்கா ஓடினாள்.

ஸ்கேன் செய்த அவசரத்தில் முதல் பிரதி கோணலாக விழுந்தது. இரண்டாவது சரி. ஐந்து ஃபைலுக்கும் எண் போட்டாள். ஒவ்வொரு எண்ணையும் பயணப்படி அண்ணன் உரக்கப் படித்தார், டாக்டரம்மா பழைய ரசீதோடு ஒத்துப் பார்த்தார். நாலு முப்பத்தெட்டுக்கு ஏற்ற ஆரம்பித்தாள். தளத்தில் நெரிசல். திரை நடுவில் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒன்று ஏறியது. இரண்டு ஏறியது. மூன்றாவதுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா நாற்காலிக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். மூன்று வருடமாக அக்கா கேட்டுச் சலித்த குரல் இப்போது இல்லாமல் அறை வெறிச்சென்று இருந்தது.

"ஏதாச்சும் பேசுங்க டாக்டர்."

"என்ன பேச? மணியப் பாருங்க."

நாலு நாற்பத்தேழுக்கு வட்டம் நின்று திரை வெள்ளையானது. பயணப்படி அண்ணன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அக்கா மறுபடி உள்ளே நுழைந்தாள். இரண்டு ஃபைல் அப்படியே இருந்தது. மூன்று. நான்கு. ஐந்தாவதைத் தொடுவதற்கு முன் பெயரைப் பார்த்தாள், விரலை வைத்துப் பார்த்தாள், ஏற்றினாள். நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பினாள். ரசீது வர இரண்டு நிமிடம் ஆனது. டாக்டரம்மா ஐந்து வரியையும் படித்தார். "சரி," என்றார். "அஞ்சரைக்கு இன்னொரு குழந்தைக்குப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி என்றோ மன்னித்தேன் என்றோ சொல்லவில்லை.

மறுநாள் இயக்குநர் கேட்காமலேயே அக்கா ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். யோசித்து யோசித்து எழுதியதில் அரைப் பக்கம் வந்தது. அது அவளுடைய பணிப் பதிவேட்டில் சேர்ந்தது. அதில் அவளுக்கு முதல் கறுப்புப் புள்ளி. கணினியில் இருந்த பட்டப்பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, துறையும் தேதியும் போட்டாள். அண்ணனுக்குப் பொழுது போகாமல் பயணப்படி பில்கள் வேகமாக நகர ஆரம்பித்தன. டாக்டர்கள் காரணம் தெரியாமல் சந்தோஷப்பட்டார்கள். டாக்டரம்மாவிடமிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அக்கா பாய்ந்து எடுத்தாள். யார் யாரோ பேசினார்கள்.

பதினெட்டாம் நாள், படிக்கத் தகுதியான விண்ணப்பங்களின் பட்டியல் வெளியானது. அக்கா விரலை வைத்து எண் எண்ணாக இறங்கினாள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். ஃபோனை எடுப்பதற்குள் கதவு திறந்தது. டாக்டரம்மா நின்றார். மூன்று மாடி ஏறிய மூச்சு.

"காலையில ஆறு மணிக்கே பாத்துட்டேன்க்கா," என்றார். உள்ளே வரலாமா வேண்டாமா என்பது போல் நின்றுவிட்டு, வந்தார். "படிச்சுப் பாத்து ஒத்துக்கிட்டாங்கன்னா அடுத்தது நேர்காணல். மொத்தம் பத்து நிமிஷம்தான். என்ன கேப்பாங்க? நீங்க எத்தனையோ பேர அனுப்பியிருக்கீங்க. எனக்கு இப்பவே தூக்கம் வரல."

அக்கா பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரச் சொன்னாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விண்ணப்பத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைத் திறந்தாள்.

"கேமரா பிடிக்கப் பழகின நர்சு ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள் காய்ச்சல். அன்னிக்கு ஒரு குழந்தைக்கு முப்பதாவது நாளு. யாரு படம் எடுப்பா?"

டாக்டரம்மா விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பிப் புரட்டினார்.

"இது பதினஞ்சு பக்கத்துல எங்கயும் இல்ல டாக்டர்," என்றாள் அக்கா. "ஒம்பது தடவ படிச்சேன். இல்ல. இதத்தான் முதல்ல கேப்பாங்க."

டாக்டரம்மா பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டார்.